இரு கண்ணும் கட்டிய நாட்களில் என் கவிஞர்கள்

காலை ஆறு இருபது. நான் முதலில் பார்த்தது எங்கள் வார ஏட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கடுகளவு. இரண்டாவது பத்தியின் நடுவில் நின்றது. அச்சு மை தெறித்துவிட்டது என்று நினைத்தேன். வாழ்நாளில் பாதியைப் பிழை திருத்தும் மேசையில் கழித்தவனுக்கு வேறெதுவும் தோன்றாது. சிவப்புப் பேனாவால் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டத்தை விட்டுப் புள்ளி வெளியே நகர்ந்தது. மறுபடி வட்டம் போட்டேன். மறுபடி நகர்ந்தது. தேநீர் ஆறுவதற்குள் அந்தப் பக்கம் அம்மை கண்ட முகம்போல ஆகிவிட்டது.

ஈப்போவில் அச்சாகும் ஒரு சிறிய தமிழ் வார ஏட்டில் எனக்கு வேலை. முதலில் செய்தியாளனாக இருந்தேன். பிறகு பிழை திருத்துநர். அன்று அச்சகத்துக்குப் போனதும் உருளைகளைச் சரியாகக் கழுவவில்லை என்று மெஷின்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் இரண்டு பிரதிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க பேப்பர்ல ஒண்ணும் இல்ல அண்ணே. ஒங்க பேப்பர்ல மட்டும்தான் மை ஊத்துறோமா?"

பக்கத்தில் நின்ற சவரிமுத்து சிரித்தார். சவரிமுத்து என்னுடன் வேலை செய்பவர், என்னைவிட மூத்தவர். எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பிழை திருத்துவது இருவர் வேலை. ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர்வார். வாசிப்பவர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, ஆச்சரியக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். குரலில் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் கேட்பவன் பொருளுக்குள் போய்விடுவான், எழுத்தைத் தவறவிடுவான். சவரிமுத்து மரண அறிவித்தலையும் தலைவலித் தைல விளம்பரத்தையும் ஒரே குரலில் வாசிப்பார். அவர் வாசிக்க, நான் தொடர்வேன். பல வருடங்களாக அப்படித்தான்.

மறுநாள் புள்ளிகள் பெருகின. கண்ணோரத்தில் மின்னல் போல வெளிச்சம் வெட்டியது. அடுத்த நாள், சவரிமுத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு வரியிலும் முதல் சொல் காணாமல் போவதைக் கவனித்தேன். மூக்குப் பக்கத்துக் கீழ் மூலையிலிருந்து ஒரு சாம்பல் நிறத் திரை மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"சவரிண்ணே, நிறுத்துங்க."

"எங்க நிறுத்துறது? காற்புள்ளியிலயா, முற்றுப்புள்ளியிலயா?"

"எனக்குக் கண்ணு தெரியல."

அவர் பிரதியை மேசையில் வைத்தார். என் முழங்கையைப் பிடித்து மாடிப்படி இறக்கி, டாக்சியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். 

இதில் நான் பயந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. எனக்கு வாசிக்கிற கண் ஒன்றுதான். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தேன். நடை பழகிய வயதில் அம்மை கண்டு இடது கண்ணின் கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்குப் பகலும் இரவும் தெரியும், எழுத்து தெரியாது. இத்தனை காலம் நான் வாசித்ததெல்லாம் வலது கண்ணால். புள்ளி வந்ததும் திரை ஏறியதும் அந்தக் கண்ணில்தான்.

கண் பிரிவில் நீண்ட பெஞ்சுகள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும் வரை உட்கார வைப்பார்கள். மருந்து விட்டவர்கள் எல்லாரும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, விமானம் பார்ப்பவர்கள்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் மனைவி ராஜம் செய்தி கேட்டு வந்து சேர்ந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னங்க, காலையில இட்லி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது அதுதான். சாப்பிட்டேன் என்றேன். "எத்தன?" என்றாள்.

டாக்டர் பினாங்கைச் சேர்ந்த சீனர். நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார், பால்மரம் வெட்டப் போகிறவர்கள் இருட்டில் கட்டிக்கொள்வது போல. என்னைப் படுக்க வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதை அங்கே நின்ற டிரஸ்ஸர், தமிழரான மருத்துவ உதவியாளர், எனக்குப் புரியும்படி மாற்றிச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள பின்பக்கச் சுவர்ல ஒரு மெல்லிசான தோல் ஒட்டியிருக்கு அண்ணே. விழித்திரைன்னு சொல்வாங்க. அதுலதான் படம் விழும். ஒங்களுக்கு அதுல ஒரு கிழிசல். கிழிசல் வழியா தண்ணி பின்னால போயி, தோல் சுவர விட்டுக் கழண்டுகிட்டு வருது. மழையில சினிமா போஸ்டர் கழண்டு தொங்குமில்ல, அந்த மாதிரி."

"மறுபடி ஒட்ட முடியுமா?"

"முடியும். ஆப்பரேசன் பண்ணணும். ஆனா நடுவுல ஒரு பொட்டு இருக்கு. படிக்கிறது, முகம் அடையாளம் பாக்குறது எல்லாம் அந்தப் பொட்டாலதான். கழண்டது அங்க கிட்ட வந்துடுச்சு. அசையாம படுத்திருந்தா மேல போகாம இருக்கும்."

டாக்டரிடம் நேராக மலாயில் கேட்டேன், மறுபடி வாசிக்க முடியுமா என்று. அவர் விளக்கை அவிழ்த்துக்கொண்டே, "கீத்தா தெங்கோக் டுலு" என்றார். முதலில் பார்ப்போம் என்று அர்த்தம். செய்தியாளனாக இருந்தபோது அமைச்சர்களிடம் இந்தப் பதிலைப் பல முறை வாங்கியிருக்கிறேன். எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அன்று மாலை இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். வாசிக்கிற கண் அசையக் கூடாதென்றால் மற்றதும் அசையக் கூடாது. இரண்டும் ஒன்றாகத்தான் திரும்பும். தலைக்கு இரு பக்கமும் மணல் நிரப்பிய சிறு மூட்டைகள். மல்லாந்து படுக்க வேண்டும். சாப்பாடு ஊட்டிவிடுவார்கள். இருமல் வந்தால்கூட அடக்க வேண்டும். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் மலாய் நர்ஸ் ஒருத்தி வாசல் பக்கமிருந்தே, "பாச்சிக், கெப்பாலா ஜாங்கான் கெராக்!" என்று தலையை அசைக்காதே என மிரட்டுவாள். நான் அசைத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. பொதுவாக எல்லாருக்கும் சேர்த்து மிரட்டுகிறாள் என்று பக்கத்துக் கட்டில் சொல்லியது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முனியாண்டி. தெலுக் இந்தான் பக்கம் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுநர். பழக்குலையைத் தூக்கிப் போடும்போது முள் தெறித்துக் கண்ணில் குத்திவிட்டது. குத்திய இடம் சீழ் பிடித்து, அவரும் வந்து படுத்திருந்தார். அவருக்கு ஒரு கண் கட்டு. ஒரு கண் திறந்திருந்தது. ஆகவே அந்த வார்டில் எனக்குக் கண்ணாக இருந்தவர் அவர். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்தக் கட்டிலில் என்ன பழம் என்று சொல்லுவார்.

"அண்ணே, ஒங்க வீட்டம்மா வர்றாங்க. கையில பிளாஸ்கு. மொகத்தப் பாத்தா ரசம்னு நெனைக்கிறேன்லா."

இருட்டில் ஒருவன் என்ன செய்வான்? நான் கவிதை சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன். எழுதுவது என்றால் நான் எழுதவில்லை. இந்த மாதங்களில் வாசிக்கவோ எழுதவோ கூடாதென்று டாக்டர் உத்தரவு. நான் சொல்ல, ராஜம் எழுதுகிறாள். அவள் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும். அவளுக்குப் பிடிக்காத இடங்களில் பேனா நின்றுவிடுகிறது.

எனக்குப் பிடித்த கவிஞர்களில் முதல்வர் கிந்தா மாறன். ஈப்போவில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். போருக்குப் பிந்திய வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஏடுகளில் அவர் கவிதை வராத வாரம் குறைவு. நான் அவரை முதலில் வாசிக்கவில்லை, கேட்டேன். எங்கள் எஸ்டேட்டில் ஞாயிறு மதியம் கள்ளுக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். செய்தி முடிந்ததும் கவிதை. என் அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வழியில் பாதி சிந்திவிடும். மீதியை எங்களுக்குச் சொல்வார். கிந்தா ஆறு வெள்ளம் கொண்டு வந்ததைப் பற்றிய கவிதையை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எதுகையும் மோனையும் தப்பட்டைபோல் அடிக்கும். ஆறு படியேறி வந்து கதவைத் தட்டும். ஈயச் சுரங்கத்தின் இரும்புத் தூண்கள் அதற்குத் தலை குனியும். பிறகு அச்சில் பார்த்தபோது அப்பா விட்டுப்போன பாதியும் கிடைத்தது. மனப்பாடம் செய்தேன். இன்றும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்.

ராஜத்துக்கு அவரைப் பிடிக்காது. ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள்: "அவரு பொம்பளைய நெலாங்குறாரு. அடுத்த வாரம் நெலாவ பொம்பளைங்குறாரு. ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணச் சொல்லுங்க."

இரண்டாமவர் அல்லியன். வயதில் மிக இளையவர். லூமுட்டில் படகுத்துறை அலுவலகத்தில் எழுத்தர். யாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதுபவர். அவர் கவிதை வந்தால் ஆசிரியருக்குக் கண்டனக் கடிதம் வரும். எனக்குப் பிடித்தது அவருடைய ஒரு சிறு கவிதை. பங்கோர் தீவுக்குப் படகு புறப்படுகிறது. உள்ளே இருப்பவனுக்குத் தான் அசையவே இல்லை என்று தோன்றுகிறது. கரையும் துறையும், துறையில் நிற்கும் மனைவியும்தான் எங்கோ கிளம்பிப் போகிறார்கள். அவ்வளவுதான் கவிதை.

முனியாண்டி இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் முணுமுணுப்பதாக நினைத்தேன். வார்டுக்கே கேட்டிருக்கிறது.

"அண்ணே, ரேடியோ நல்லாத்தான் இருக்கு. இடையில செய்தி ஒண்ணும் இல்லியா?"

"பிடிக்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திடுறேன்."

"யாரு சொன்னா பிடிக்கலன்னு? வெள்ளம் வர்றத இன்னொரு தரம் போடுங்க."

அறுவை சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழேயும் பின்னாலும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தைப் பச்சைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. வலி இல்லை, ஆனால் இழுப்பது தெரியும். யாரோ சட்டைப் பையைப் பிடித்து இழுப்பதுபோல. செய்தது இதுதான் என்று பின்னால் டிரஸ்ஸர் விளக்கினார்: கிழிசலைச் சுற்றிக் குளிர்ந்த ஊசியால் தொட்டு உறைய வைக்கிறார்கள், அது ஆறும்போது தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். பிறகு கண்ணின் வெளிச்சுவரில் ஒரு சிறிய ரப்பர் போன்ற துண்டை வைத்துத் தைக்கிறார்கள். அது சுவரை உள்பக்கமாக அழுத்தி, கழன்ற தோலிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோல் சுவரிடம் வராவிட்டால், சுவர் தோலிடம் போகும்.

அந்த மேசையில் எனக்குக் கிந்தா மாறன் வரவில்லை. முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். மூன்றாவது அடியில் நின்றுவிட்டது. வெளிச்சங்கள் மட்டும் தெரிந்தன. பெரியதாக ஒரு மஞ்சள் வட்டம், அதற்குக் குறுக்கே போகும் நிழல்கள். அவை எல்லாம் மெதுவாக என்னை விட்டு விலகிப் போயின. நான் அசையவில்லை. அசையக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். அல்லியனின் படகில் இருக்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது உதவியது. கவிதை எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்னிடம் சான்று இல்லை.

மறுபடி கட்டு. மறுபடி மணல் மூட்டை. இப்போது காத்திருப்பது வேறு வகை. முன்பு வெட்டுவதற்காகக் காத்திருந்தேன். இப்போது ஒட்டுமா என்பதற்காக. ராஜம் காலையிலும் மாலையிலும் வந்தாள். தக்காளி ரசத்தில் குழைத்த சோற்றைக் கரண்டியால் ஊட்டினாள். மெல்லவே வேண்டாதபடி மசித்திருப்பாள். தாடை அசைந்தால் கண் அசையும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் சவரிமுத்து வந்தார். நான் ஞாயிறுக் கவிதைகளை வெட்டி ஒட்டி வைத்திருந்த தடித்த புத்தகத்தை ராஜம் அவரிடம் கொடுத்தாள்.

"வாசிங்கண்ணே. இவருக்குப் பொழுது போகல. எனக்குத் தொண்டை கட்டிருக்கு."

"நான் வாசிச்சா அது கவிதையா இருக்காதும்மா."

"பரவால்ல, வாசிங்க."

சவரிமுத்துக்கு ஒரே ஒரு வாசிப்புதான் தெரியும். வெள்ளக் கவிதையைத் தொடங்கினார்.

"தலைப்பு, பொங்கி வா கிந்தாயே, ஆச்சரியக்குறி. பத்தி. வந்ததே வெள்ளம், ஆச்சரியக்குறி. வானமே பள்ளம், ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி."

எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு. பிறகு மூலையிலிருந்து. முனியாண்டி குறிகளை எண்ணத் தொடங்கிவிட்டார். சவரிமுத்து நிறுத்தவில்லை. இழவுச் செய்தி வாசிக்கும் அதே குரலில் ஆறு படியேறியது, இரும்புத் தூண் தலை குனிந்தது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் குறி விழுந்தது. முடிந்தபோது வார்டு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. மிஸ்ஸி வந்து "டியாம்!" என்று, சத்தம் போடாதே என அதட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை ஆச்சரியக்குறிகள் இருப்பதை நான் அதற்குமுன் உணர்ந்ததில்லை. கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றையும் அச்சில் சரிபார்த்திருக்கிறேன். காதால் கேட்டபோது அவை மட்டுமே இருந்தன. அப்பா வழியில் சிந்தியது போக வீட்டுக்குக் கொண்டு வந்த கவிதை இதுதானா என்று வருத்தமாக இருந்தது. கட்டுக்குள் கண் நனைவது நல்லதல்ல. அதனால் அதை நிறுத்திக்கொண்டேன்.

"அடுத்ததப் போடுங்கண்ணே," என்றார் முனியாண்டி.

சவரிமுத்து பக்கம் புரட்டினார். அடுத்தது சூசையம்மாளின் கவிதை. சூசையம்மாளை நான் பிடித்தவர்கள் வரிசையில் வைத்திருக்கவில்லை. தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அபூர்வமாக எழுதுவார். பக்கத்தில் இடம் மிஞ்சினால் போடுவோம். இது கவிதையா, புகார் மனுவா என்று ஆசிரியர் கேட்பார். வெட்டி ஒட்டும் பழக்கத்தால் ஒட்டி வைத்திருந்தேன்.

விடியுமுன் பெரட்டுக்களம். எஸ்டேட்டில் வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். எஸ்டேட் எழுத்தரான கிராணி பெயர்களை வாசிக்கிறார். முந்தின நாள் புதைத்த ஒருத்தியின் பெயரும் வருகிறது, பட்டியலிலிருந்து அதை யாரும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு அவள் மகள், "இருக்கேன்" என்கிறாள். கிராணி அடுத்த பெயருக்குப் போகிறார். கவிதை இவ்வளவே.

சவரிமுத்து வாசித்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் முற்றுப்புள்ளி என்றார். வேறு குறி எதுவும் இல்லை. கடைசி முற்றுப்புள்ளியைச் சொன்ன பிறகு அவரும் நின்றுவிட்டார். பக்கம் புரட்டவில்லை. 

"எங்கம்மா செத்த மறுநாளும் பெரட்டு இருந்துச்சு," என்றார் முனியாண்டி. "அக்காதான் போயி நின்னுச்சு."

 சவரிமுத்து புத்தகத்தை மூடும் சத்தம் வந்தது.

அவர் போன பிறகு நான் முனியாண்டியிடம் கிந்தா மாறனைப் பற்றி என் வருத்தத்தைச் சொன்னேன். இத்தனை வருடம் ஏமாந்துவிட்டேன் போலிருக்கிறது என்றேன்.

"என்ன அண்ணே இப்படிப் பேசுறீங்க? அது கள்ளுக்கடையில வாசிக்கிறதுன்னு நீங்கதான சொன்னீங்க. அங்க ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் அடிச்சுக்குவான். கத்தித்தான் ஆகணும். இங்க எவனும் குடிக்கலியே."

அதற்குப் பிறகு அந்தக் கவிதையை மனதில் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு ஆச்சரியக்குறியும் பலகைமேல் ஒரு கை அடிக்கும் இடமாக. சரியாக இருந்தது. அந்தக் கணக்கெழுத்தருக்குத் தன் வாசகர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எவ்வளவு சத்தத்துக்கு நடுவில் என்று தெரிந்திருந்தது. அவர்கள் அன்று காலை வரை மரம் வெட்டிவிட்டு, கையில் பால் பிசுக்குடன் வந்திருப்பார்கள். ஆறு வந்து இரும்பைத் தலை குனிய வைப்பதை அவர்கள் கேட்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சூசையம்மாள் விரும்பியது வேறு. அவர் பக்கத்தில் தூங்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவரால் கத்த முடியாது. இருவரையும் ஒரே தராசில் வைத்தது என் தவறு. இந்த இடத்தில் ராஜம் பேனாவை நிறுத்திவிட்டு, "நெலா விசயம் அப்படியேதான் இருக்கு" என்கிறாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் முனியாண்டியின் கட்டிலருகே வெகுநேரம் நின்றார். அவர் போன பிறகு முனியாண்டி பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"எடுத்துடணும்னு சொல்றாரு அண்ணே."

"எதை?"

"கண்ணத்தான். வேற ஏதாச்சும் எடுத்துக்குங்களேன்னு கேட்டேன். டாக்டர் சிரிக்கல."

சீழ் உள்ளே இறங்கிவிட்டதாம். விட்டால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து. நான் சிறு வயதிலிருந்து ஒற்றைக் கண்ணால்தான் வாழ்கிறேன் என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"நீங்க லோரி ஓட்டலியே அண்ணே. லைசென் போயிடும்லா. எனக்கு வேற என்ன தெரியும்?"

 கட்டிலுக்கு வெளியே கையை நீட்டினேன். எங்கே நீட்டுகிறேன் என்று தெரியவில்லை. அவர் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஸ்டியரிங் பிடித்துக் காய்த்திருந்தது.

"அந்தப் பெரட்ட ஒருக்கா சொல்லுங்க," என்றார்.

அது எனக்கு மனப்பாடம் இல்லை. ஒரே ஒரு முறை காதில் கேட்டது. ஆனாலும் சொன்னேன், முழுதாக வந்தது. "இருக்கேன்" என்ற இடத்தில் அவரும் என்னோடு சேர்ந்து சொன்னார்.

மறுநாள் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பிறகு வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கட்டிலுக்கு ஒரு புதியவர் வந்தார். அவருக்கும் இரண்டு கண்ணும் கட்டு. எங்கள் இருவருக்கும் வார்டில் நடப்பதைச் சொல்ல ஆளில்லை. யார் வருகிறார்கள் என்பதைக் காலடிச் சத்தத்தில் ஊகிக்கத் தொடங்கினோம். ராஜத்தின் செருப்பை மட்டும் நான் தவறவிட்டதில்லை.

கட்டைப் பிரித்தபோது முதலில் வெள்ளை. பிறகு அந்த வெள்ளைக்குள் ஒரு தொப்பி. மிஸ்ஸி. நான் குரலை வைத்து நினைத்ததைவிட மிகவும் சிறிய பெண். டாக்டர் விரல்களைக் காட்டினார். சரியாகச் சொன்னேன். எந்த மூலையிலும் திரை இல்லை. "பாகுஸ்," என்றார், நல்லது என்று. ராஜம் கட்டிலின் கால்பக்கம் நின்றாள். அவளைப் பார்த்தேன். முகம் தெரிந்தது, ஆனால் மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சற்றுத் தள்ளி இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகள் மேலேயும் கீழேயும் நேராக இருந்தன. நடுவில் மட்டும், யாரோ முழங்காலால் அழுத்தியதுபோல் வளைந்திருந்தன.

நடுப்பொட்டு வீங்கியிருக்கிறது என்றார் டிரஸ்ஸர். கழன்ற தோல் அந்த இடம் வரை வந்து திரும்பியிருக்கிறது. வீக்கம் வற்றினால் கோடு நேராகலாம். மாதங்கள் ஆகும். அதுவரை வாசிப்பு கூடாது. ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். நடுவில் ஊசித் துளை மட்டும். கண் அங்குமிங்கும் ஓடாமல் இருப்பதற்காம். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் வகுப்பு வார்டு, ஆகவே பில் எங்களைப் பயமுறுத்தவில்லை. சம்பளமில்லா விடுப்புதான் கடித்தது. ராஜம் தையல் வேலை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள்.

இந்த மாதங்களில் சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். கவிதைகளை வாசிப்பார், எல்லாக் குறிகளோடும். ராஜம் வாசிக்கும்போது தனக்குப் பிடித்ததை மட்டும் வாசிப்பாள். மற்றவற்றைப் "பெருசா ஒண்ணும் இல்ல" என்று தாண்டிவிடுவாள். ஆகவே நான் இருவரையும் கேட்டு ஒரு முடிவுக்கு வருகிறேன். சூசையம்மாளுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதினேன். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள், அவர் இப்போது மகளுடன் கிள்ளானில் இருக்கிறார் என்று பதில் வந்தது. இன்னும் எழுதுகிறாரா என்று கேட்டிருந்தேன். பேரப்பிள்ளைகள் தூங்கும்போது எழுதுவதாகச் சொன்னார்.

முனியாண்டியும் ஒரு நாள் வந்தார். கண்ணாடிக் கண் வைத்திருந்தார். பார்த்தால் தெரியவில்லை என்று நான் சொன்னேன்; எனக்கே நடுவில் வளைந்து தெரிகிறது என்பதால் அவர் அதை நம்பவில்லை. லோரி முதலாளி அவரை எடைமேடையில் பழக்குலை நிறுக்கும் வேலைக்குப் போட்டிருக்கிறார்.

"உக்காந்த எடத்துல வேல அண்ணே. லோரிங்கதான் வருது, போவுது," என்றார்.

அல்லியனின் கவிதையை அவருக்கு நான் சொன்னதுண்டா என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன்.

அச்சகத்தில் என் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள் என்று சவரிமுத்து சொன்னார். ஆனால் ஆசிரியர் வருடம் முடிவதற்குள் ஒரு பதில் எதிர்பார்க்கிறார். அது நியாயம்தான். பிழை திருத்துபவனின் எழுத்து சின்ன எழுத்து. தலைப்பில் பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள்.

சென்ற வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மறுபடி நெற்றி விளக்கால் பார்த்தார். தோல் நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். ஜன்னல் கம்பிகளைப் பற்றிக் கேட்டார். முன்பு இருந்த அளவுக்கு வளைவு இல்லை என்றேன். பிறகு பல மொழிகளில் அச்சடித்த ஒரு அட்டையைக் கொடுத்து, தமிழ்ப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். மேலே பெரிய எழுத்தில் ஒரு பத்தி, அதற்குக் கீழே அதைவிடச் சிறிய எழுத்தில் ஒரு பத்தி, இப்படிக் கீழே இறங்கியது. நான் உரக்க வாசித்தேன். அவசரப்படவில்லை. நான்காவது பத்தியின் முற்றுப்புள்ளி வரை வாசித்துவிட்டு, முடிந்தது என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, அதற்குக் கீழே இன்னும் மூன்று பத்திகள் இருந்தன என்று ராஜம் சொன்னாள்.